ஆறு சொல்லுக்கும் ஒரே பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் கடந்த வாரம் ஒரு கட்டம் வந்திருந்தது. டிவைட், ஸ்பிளிட், செப்பரேட், ஷேர், டிஸ்ட்ரிபியூட், பார்ட்டிஷன் என்று ஆறு ஆங்கில வினைச்சொற்கள் இடப்பக்கம். ஆறையும் சேர்த்து அணைத்தபடி ஒரு பெரிய அடைப்புக்குறி. வலப்பக்கம் ‘பிரித்தல்’ என்ற ஒரே சொல். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்துத் தன் ஆங்கில நோட்டில் ஒட்டிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, வீட்டில் நடந்தவற்றைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதும்படி வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ‘பாட்டி அரிசியிலிருந்து கல்லைப் பிரித்தாள்’ என்பதற்கு டிவைட் என்ற சொல்லைப் போட்டிருக்கிறாள். ஆசிரியை சிவப்பு மையால் சுழித்து அனுப்பிவிட்டார். குழந்தை நோட்டையும் தங்கள் கட்டத்தையும் அருகருகே விரித்து வைத்து, “பாட்டி, பேப்பரில் அப்படித்தானே போட்டிருக்கிறது?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். நீதிமன்றங்களில் 32 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாட்சிகளின் வாக்குமூலம், பழைய பத்திரம், கடிதம், கணக்குச் சீட்டு என்று வழக்குக் கட்டில் இருப்பவற்றை மேல்முறையீட்டுக்காகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் வேலை. அவற்றில் பாதிக்கு மேல் சொத்து வழக்குகள். அதனால் ‘பிரி’ என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம். அந்த ஒரு சொல்லை என் கையாலேயே தவறாக மாற்றி ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்யவிருந்ததும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அரிசியும் கல்லும்.

அரிசியும் கல்லும் எந்நாளும் ஒரே பொருளாக இருந்ததில்லை. களத்திலோ மில்லிலோ ஒன்றோடொன்று கலந்தன. அந்தக் கலப்பை நீக்கி, இதை இங்கேயும் அதை அங்கேயும் ஆக்குவதுதான் செப்பரேட். அதில் அரிசியும் குறையாது, கல்லும் உடையாது. டிவைட் என்று சொல்ல வேண்டுமானால், ஒன்றாக இருந்தது பகுதிகளாக வேண்டும். பிசைந்த சப்பாத்தி மாவை எட்டு உருண்டையாக்குகிறோமே, அது டிவைட். ஆங்கிலச் சமையல் குறிப்பில் முட்டையை செப்பரேட் செய்யச் சொல்லியிருந்தால் வெள்ளைக் கருவைத் தனியாகவும் மஞ்சள் கருவைத் தனியாகவும் எடுக்க வேண்டும். தங்கள் கட்டத்தை நம்பிய பிள்ளை அதை டிவைட் என்று எடுத்துக்கொண்டால், முட்டையைக் கலக்கி இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதியாக ஊற்றி வைத்துவிடும்.

ஸ்பிளிட் இவை இரண்டிலும் சேராது. விறகுக் கட்டையை நார் ஓடும் வாக்கில் கோடரியால் பிளக்கிறோம். மூங்கிலை நெடுக்காக வகிர்கிறோம். பொருளுக்குள்ளேயே ஓர் ஓட்டம் இருக்கிறது, விசை அந்த வழியே பாய்ந்து அதை இரண்டாக்குகிறது. அதே கட்டையைக் குறுக்கே ரம்பத்தால் அறுத்தால் யாரும் ஸ்பிளிட் என்று சொல்ல மாட்டார்கள். மளிகைக் கடையில் உளுந்துப் பொட்டலத்தைப் பாருங்கள். தமிழில் ‘உடைத்த உளுந்து’ என்றும் ஆங்கிலத்தில் ஸ்பிளிட் என்றும் அச்சடித்திருப்பார்கள். தோலுக்குள் இரண்டு பருப்பு முகத்தோடு முகம் ஒட்டியிருக்கின்றன. ஆங்கிலம் அந்த ஒட்டு விட்டதைச் சொல்கிறது, தமிழ் திரிகை செய்த வேலையைச் சொல்கிறது. இரண்டும் சரி. ஆனால் ஸ்பிளிட்டுக்கு நேராக உடை என்றோ பிரி என்றோ ஒற்றைச் சொல்லை நிரந்தரமாக நட்டு வைக்க முடியாது என்பது இந்த ஒரு பொட்டலத்திலேயே தெரிந்துவிடுகிறது.

தமிழில் சொல் போதவில்லை, அதனால்தான் ஆறுக்கும் ஒன்றைப் போட்டார்கள் என்று யாராவது சமாதானம் சொன்னால் எனக்கு மனம் தாங்காது. என் மாமியார் முறத்தைக் கையில் எடுத்தால் எத்தனை வினைச்சொற்கள்! உமியும் பதரும் பறக்கப் புடைப்பார். குருணை விலகத் தெள்ளுவார். கல்லும் மண்ணும் ஒதுங்கக் கொழிப்பார். பிறகு தண்ணீரில் போட்டு, கல் அடியில் தங்கும்படி அரிப்பார். மாவானால் சல்லடையில் சலிப்பார். இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் செப்பரேட் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவரலாம். தூற்றுவதற்கும் சலிப்பதற்கும் அவர்களிடமும் தனிச்சொற்கள் உண்டு, ஆனால் தெள்ளுவதற்கும் கொழிப்பதற்கும் என்ன சொல்வதென்று நான் பல முறை திகைத்திருக்கிறேன். அன்று வீட்டில் நான் செய்ததும் அரித்தல்தான். ‘கல்லைப் பிரித்தாள்’ என்று என் பேத்தி எழுதியது தமிழிலேயே இடறுகிறது. தங்கள் கட்டம் அவளுடைய ஆங்கிலத்தை மட்டும் குழப்பவில்லை.

‘பிரி’ என்ற நம் சொல்லையும் அந்தக் கட்டம் சரியாகக் கவனிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கிறோம், கூரையைப் பிரிக்கிறோம், உறையைப் பிரித்துக் கடிதம் படிக்கிறோம். இவற்றில் எதற்கும் அந்த ஆறு ஆங்கிலச் சொற்களில் ஒன்றுகூடப் பொருந்தாது. மறுபக்கம், ஆங்கிலம் வேறு வேறு வினைகளால் செய்யும் வேலையைத் தமிழ் துணைவினையால் செய்துகொள்கிறது. பிரித்தெடு என்றால் கலந்ததிலிருந்து ஒன்றை வெளியே எடுப்பது. பிரித்துக் கொடு என்றால் பலர் கையில் சேர்ப்பது. பிரித்துக்கொள் என்றால் நமக்குள் பங்கு போட்டுக்கொள்வது. பிரித்து வை என்றால் சேர்ந்திருப்பவரைச் சேரவிடாமல் செய்வது. ‘பிரித்தல்’ என்று தொழிற்பெயராக்கித் தனியே நிறுத்தினால் இந்த வேறுபாடுகள் அத்தனையும் உதிர்ந்துவிடுகின்றன.

ஷேர் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தரிப்பதைச் சொல்லும் ஷியர் இதற்கு உறவு, கலப்பையின் கொழுவைச் சொல்லும் ஷேரும் உறவு. வெட்டில் பிறந்த சொல். ஆனால் இன்று பொருள் துண்டாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. விடுதியில் இரண்டு மாணவிகள் ஓர் அறையை ஷேர் செய்தால் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். டிவைட் செய்தால் நடுவில் ஒரு திரையாவது தொங்கும். டிஸ்ட்ரிபியூட் என்பதிலோ கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குவோர் பலர் மறுபக்கம். கோயிலில் சுண்டல் கொடுப்பவர் டிஸ்ட்ரிபியூட் செய்கிறார், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டா என்பதை அந்தச் சொல் கவனிப்பதில்லை. ஷேர் செய்பவருக்கோ பங்கு கட்டாயம் உண்டு. நம் ‘பங்காளி’ அந்த வாசல் வழியாக வந்தவர்தான்.

கணக்குப் பாடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 10 என்ற எண்ணை ஆங்கிலத்தில் ‘டிவைட் இன் ஹாஃப்’ என்றால் விடை 5. ‘டிவைட் பை ஹாஃப்’ என்றால் விடை 20. நடுவே ஒரு சின்னஞ்சிறு சொல் மாறியதும் விடை நான்கு மடங்காகிவிடுகிறது. ஆங்கில வழியில் படிக்கும் நல்ல மாணவர்களே இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ‘பாதியாகப் பகு’, ‘பாதியால் வகு’ என்று சொல்லிப் பாருங்கள். வினையும் வேறு, உருபும் வேறு, தவறு நுழைய இடமே இல்லை. வகுத்து வரும் விடைக்கு ஈவு என்று பெயர் வைத்தவர்கள், ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். அதற்கான ஆங்கிலச் சொல்லான கோஷன்ட், எத்தனை முறை என்று கேட்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பன்னிரண்டு பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒரு கேள்வி. பன்னிரண்டில் எத்தனை மூன்று என்பது வேறு கேள்வி. விடை இரண்டுக்கும் நான்குதான்.

நம் அறிவியல் பாடநூல் எழுதியவர்களை இந்த இடத்தில் கைகூப்பி வணங்குகிறேன். கலவைகளைப் பிரித்தல், செல் பகுப்பு, அணுக்கருப் பிளவு என்று மூன்று பொருளுக்கு மூன்று சொல் தந்தார்கள். இத்தனைக்கும், 1939இல் இயற்பியலாளர்கள் மைட்னரும் ஃபிரிஷும் அணுக்கரு உடைவதற்குப் பெயர் தேடியபோது, செல் இரண்டாவதைக் குறிக்கும் ஃபிஷன் என்ற உயிரியல் சொல்லைத்தான் கடன் வாங்கினார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் நிற்க, தமிழில் செல்லைப் பகுத்தோம், அணுக்கருவைப் பிளந்தோம். இந்தத் தெளிவு பாடநூலில் இருக்கும்போது நாளிதழில் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

இனி அந்த வழக்கு. 1997ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம், முன்னோர் வழி வந்த பிதுரார்ஜித நஞ்சை நிலம், மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. தங்கைக்கு 1991இல் திருமணம், தகப்பனார் 1992இல் காலமானார். தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தச் சட்டம் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகளுக்கு அது கிடையாது, அந்தத் தேதிக்கு முன்பே பாகப்பிரிவினை முடிந்திருந்தாலும் கிடையாது. அண்ணன்மார் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்திரம் இல்லை, யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதி வைக்கும் கூர்ச்சீட்டும் இல்லை. அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களில் மூத்தவர் தாய்மாமனுக்கு 1987இல் எழுதிய ஓர் இன்லண்ட் கடிதம் இருந்தது. அதில் ஒரு வரி: “அம்மா போன பிறகு நாங்கள் பிரிந்துவிட்டோம், அப்பா சின்னவனோடு இருக்கிறார்.”

வழக்கு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் போனது. கடிதத்தை ஆங்கிலமாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. நாள் முழுவதும் பாகப்பிரிவினைப் பத்திரங்களையே பார்த்துப் பழகிய கை. ‘பிரிந்துவிட்டோம்’ என்ற இடத்தில் யோசிக்காமல் பார்ட்டிஷன் என்று எழுதிவிட்டேன். தலைமை மொழிபெயர்ப்பாளர் பழைய காலத்து மனிதர், ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “அம்மா, இவர்கள் நிலத்தை அளந்தார்களா? கல் நட்டார்களா? பத்திரம் எழுதினார்களா?” என்று கேட்டார். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். “அப்படியானால் நீதிபதி சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்களே” என்றார். எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கடிதத்தின் தமிழை யார் பார்ப்பார்கள்? சென்னையில் வழக்குக் கட்டைப் புரட்டுபவர் கண்ணில் முதலில் படுவது என் ஆங்கிலம். பார்ட்டிஷன் என்று அதில் இருந்தால், ஓர் அண்ணனே 1987இல் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது என்று எழுதியதாக ஆகிவிடும்.

பிறகு என்ன சொல் போடுவது? டிவைட் என்றாலும் சொத்து கூறுபட்டதாகத்தான் பொருள். தனித்தனியே வசிக்கிறோம் என்று மாற்றினால் அது தங்கையின் பக்கம் சாய்ந்துவிடும், அதுவும் என் வேலை இல்லை. கடைசியில் செப்பரேட் என்றே வைத்தோம். உலை தனியானதா, வீடு தனியானதா, மனம் தனியானதா, நிலம் தனியானதா என்பதைக் கடிதம் சொல்லவில்லை. செப்பரேட்டும் சொல்லாது. எழுதியவர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவு. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் மாற்றிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் இந்த ஒரு சொல்தான் இன்றும் இரவில் நினைவுக்கு வருகிறது.

இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டத்தில் இந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தைக் குறிக்கின்றன. ஒரு பங்காளி, இனி நான் தனி என்று தெளிவாக அறிவித்துவிட்டால் அந்த நொடியிலேயே கூட்டு நிலை அறுந்துவிடுகிறது. அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1916இல் உறுதிசெய்த கருத்து இது. அங்கே ஆங்கிலம் சொல்வது செவர். செப்பரேட்டுக்கும் செவருக்கும் லத்தீனில் வேர் ஒன்றுதான், ஆனால் செவரில் கத்தி இருக்கிறது. உறவு அறுந்த பிறகும் நிலம் அப்படியே ஒரே வரப்புக்குள் கிடக்கும். அதன் பிறகுதான் அளந்து, எல்லை காட்டிக் கூறுபோடும் வேலை. நம் கீழ் நீதிமன்றத்து வழக்குரைகளில் வழக்கமாக வரும் வரியைப் பாருங்கள்: ‘தாவா சொத்தில் வாதிக்குள்ள நாலில் ஒரு பாகத்தைப் பிரித்துத் தனி சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும்.’ தாவா என்றால் வழக்கு, சுவாதீனம் என்றால் கைவசம். பாகம், பிரித்து, தனி, ஒப்படைக்க என்று நான்கு படியையும் அந்தப் பழைய தமிழ் ஒன்றும் விடாமல் ஏறியிருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவுக்குத் தலைப்பே இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. நிலத்தொகுதிக்கு பார்ட்டிஷன், பங்குக்கு செப்பரேஷன். இரண்டும் ஒன்றென்றால் சட்டம் எழுதியவர் இரண்டு சொல்லுக்கு மை செலவழித்திருக்க மாட்டார்.

1893ஆம் ஆண்டின் பார்ட்டிஷன் சட்டத்தில் இன்னும் அழகாக வருகிறது. பதினாறு அடி அகலத்தில் ஓர் ஓட்டு வீடு, ஐந்து பங்காளிகள் என்று வையுங்கள். ஆளுக்கு மூன்று அடி இரண்டு அங்குலம் என்று சுவர் எழுப்பினால் யாரும் படுக்கக்கூட முடியாது. அப்படிப்பட்ட சொத்தில் டிவிஷன் நியாயமாகவோ வசதியாகவோ நடக்காது என்று கண்டால், பங்காளிகள் கேட்கும்போது, நீதிமன்றம் அதை விற்கச் சொல்லி, வரும் தொகையை டிஸ்ட்ரிபியூட் செய்ய வைக்கலாம். வழக்குக்குப் பெயர் பார்ட்டிஷன், செய்ய முடியாதது டிவிஷன், கடைசியில் நடப்பது டிஸ்ட்ரிபியூஷன். ஒரே பிரிவில் மூன்றும் நிற்கின்றன. மூன்றுக்கும் ‘பிரித்தல்’ என்று போட்டு அந்தப் பிரிவைத் தமிழில் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பிரிப்பதற்கான வழக்கில் பிரிக்க முடியாததால் விற்றுப் பிரிக்கலாம் என்று வரும்.

இது ஏதோ வக்கீல் குமாஸ்தாக்களின் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2005இல் மத்தியச் சட்டமும் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் அது தொடாது. ஆனால் பார்ட்டிஷன் என்றால் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ ஆனது என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. வாய்மொழியாகப் பாகம் ஆகிவிட்டது என்ற வாதத்தை, பொது ஆவணங்களின் துணையோடு மிக அரிதாகத்தான் ஏற்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பில் சொன்னது. எங்கள் தெருவில் பூக்கட்டும் ஒரு பெண் என்னிடம் வந்து, “எங்கள் குடும்பம் எப்போதோ பிரிந்துவிட்டது அக்கா, எனக்கு ஒன்றும் கிடையாது என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறது” என்றாள். செய்தியில் இருந்தது பார்ட்டிஷன். அவளிடம் வந்து சேர்ந்தது பிரிதல். அவள் அண்ணன் தனிக்குடித்தனம் போனதைத்தான் அவள் பிரிதல் என்று நினைத்திருந்தாள். ‘பாகப்பிரிவினை’ என்ற முழுச்சொல் செய்தியில் இருந்திருந்தால் பத்திரம் எங்கே என்று அவளே கேட்டிருப்பாள். அந்தச் சொல் நம் நாட்டில் படிக்காதவர்களுக்கும் தெரிந்த சொல்.

அரசியல் செய்திகளுக்கு வந்தால் ‘அதிகாரப் பகிர்வு’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு ஏற்பாடுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. சட்டம் இயற்றுவோர், நிர்வாகம் நடத்துவோர், நீதி வழங்குவோர் ஒருவர் வேலையில் ஒருவர் கை வைக்காமல் விலகி நிற்பது செப்பரேஷன். நம் அரசமைப்பின் 50ஆம் உறுப்பு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து விலக்கி வைக்கச் சொல்வது இதைத்தான். ஒன்றியத்துக்கு இது, மாநிலத்துக்கு அது என்று ஏழாவது அட்டவணை பட்டியல் போடுவது டிவிஷன். இரண்டு கட்சிகள் கூட்டணி அமைச்சரவையில் சேர்ந்து ஆள்வது ஷேரிங். முதலாவதற்கு அதிகாரப் பிரிப்பு, இரண்டாவதற்கு அதிகாரப் பங்கீடு, மூன்றாவதற்கு மட்டும் அதிகாரப் பகிர்வு என்று எழுதினால் வாசகருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

நிதிக்குழு பற்றிய செய்திகளில் இந்தக் குழப்பம் நேரடியாகப் பணத்தில் கை வைக்கிறது. அரசமைப்பின் 280ஆம் உறுப்பில் ஒரே உட்பிரிவில் நான்கு சொற்கள் வருகின்றன. ஒன்றியமும் மாநிலங்களும் டிவைட் செய்துகொள்ள வேண்டிய வரிகளின் நிகர வருவாயை இரு தரப்புக்கும் டிஸ்ட்ரிபியூட் செய்வது, அதில் மாநிலங்களுக்குரிய ஷேரை மாநிலங்களுக்குள் அலொகேட் செய்வது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து 41 சதவீதம் என்றது. அந்த 41இல் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். அதாவது பொதுத் தொகுப்பில் சேர்ந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் நமக்கு என்று வந்தது சுமார் 1 ரூபாய் 67 காசு. இரண்டு படியையும் ‘வரிப் பகிர்வு’ என்றே எழுதினால், நமக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய் வருவதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். எங்கள் நூலகத்தில் படித்த ஒருவரே என்னிடம் அப்படி வாதாடினார். முதல் படி பங்கீடு, இரண்டாவது ஒதுக்கீடு. இரண்டும் தாங்கள் நாள்தோறும் அச்சிடும் சொற்கள்தான்.

மாவட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் வேலூர் மூன்றானது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் புதிதாக வந்தன, வேலூர் என்ற பெயர் தாய் மாவட்டத்திடமே தங்கியது. 1991இல் எங்கள் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் போனபோதும் தஞ்சை தஞ்சையாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு கார்வ் அவுட் என்று ஒரு சொல் உண்டு, பெரியதிலிருந்து ஒரு துண்டைச் செதுக்கி எடுப்பது. நாம் ‘பிரித்தெடுத்து’ என்று எழுதினால் சரியாக உட்காரும். கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கும் கோரிக்கை பற்றிய செய்தியில் ‘தஞ்சை மாவட்டம் பிளவு’ என்று தலைப்பு வந்தால் எங்களுக்கு நெஞ்சில் குத்துகிறது. நாங்கள் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பிளவு என்பது 1969இல் காங்கிரஸ் கட்சிக்கு நேர்ந்தது.

இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னாலும் டிவிஷன் பெஞ்ச்தான், கருத்து வேறுபட்டால் வருவது ஸ்பிளிட் தீர்ப்பு. தாங்கள் அதை ‘மாறுபட்ட தீர்ப்பு’ என்று எழுதுகிறீர்கள், மிகவும் பொருத்தம். நாடாளுமன்றச் செய்தியில் டிவிஷன் கேட்டார்கள் என்றால் வாக்குகளை எண்ணச் சொன்னார்கள் என்றுதான் எழுதுகிறீர்கள், சபை பிளந்தது என்று எழுதுவதில்லை. செய்திப் பக்கத்தில் இத்தனை கவனம் உள்ள ஆசிரியர் குழு, குழந்தைகள் கத்தரித்து ஒட்டிக்கொள்ளும் பக்கத்தில் அதைவிடக் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். செய்தி மறுநாள் பழையதாகிவிடும். நோட்டில் ஒட்டியது ஆண்டு முழுவதும் இருக்கும்.

என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டத்தைத் திருத்தி அதே பகுதியில் மீண்டும் வெளியிடுங்கள். சொல்லுக்குச் சொல் வைக்காமல், ஒவ்வொரு ஆங்கில வினைக்கும் ஒரு வாக்கியம் போடுங்கள். வாக்கியங்கள் குழந்தைகளின் வீட்டிலிருந்து வரட்டும். பார்ட்டிஷன் என்ற சொல்லுக்கு மட்டும் பாகப்பிரிவினை என்பதை விடாமல் சேர்த்துவிடுங்கள். தச்சர் அடிக்கும் பலகைத் தடுப்பையும் பார்ட்டிஷன் என்று சொல்கிறார்கள் என்பதையும் குறிப்பிடலாம், பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

இன்று காலை பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சீப்பின் நுனியால் வகிடு எடுக்கும்போது, இதற்கு ஆங்கிலத்தில் டிவைட்டா, ஸ்பிளிட்டா என்று கேட்டாள். பார்ட் என்றேன். அப்படியானால் ஸ்பிளிட் எங்கே வரும் என்றாள். பின்னலின் நுனியைக் காட்டி, முடி இரண்டாக வெடித்திருக்கிறதே, அதற்குத்தான் ஸ்பிளிட் என்றேன். பள்ளிக்குப் போகும் முன் உட்கார்ந்து, தங்கள் ஆறு சொற்களோடு பார்ட் என்பதையும் சேர்த்து ஏழு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட் என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டிருக்கிறாள், அதை மட்டும் திருத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
கும்பகோணம்.